மூச்சை அடக்கி மீன் வேட்டை: கலிபோர்னியா கடலில் ஆளைச் சாய்ப்பது சுறாவா, வேறு எதுவா?

மே மாதத்தின் ஒரு சனிக்கிழமை, அதிகாலை 5 மணி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் டியாகோ நகரை ஒட்டிய லா ஹோயா கடற்கரை. இன்னும் சரியாக விடியவில்லை. வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் கறுப்பு ரப்பர் உடைக்குள் நுழைய மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உடம்பு வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்பதற்காக, தலைக்குப் போடும் கண்டிஷனரைத் தண்ணீரில் கலக்கி உடைக்குள் ஊற்றுகிறார்கள். பக்கத்தில் நீளமான ஒரு துப்பாக்கி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் தோட்டா கிடையாது. ஒரு எஃகு ஈட்டி, அதை எய்ய இரண்டு மூன்று ரப்பர் பட்டைகள். அவ்வளவுதான்.

வார இறுதி வந்தால் இந்தக் கரையோரத்தில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய காட்சி இது. வாரம் முழுக்க அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர், சனி ஞாயிறில் கடலுக்குள் போய் மீனை ஈட்டியால் குத்திக்கொண்டு வருகிறார். இதற்குப் பெயர் ஸ்பியர்ஃபிஷிங்.

வெளியில் இருந்து பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, 'சுறா வந்தால் என்ன செய்வீர்கள்?' என்றுதான். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் அதிகம் பயப்படுவது சுறாவுக்கு அல்ல. தங்கள் மூச்சுக்கு.

ஸ்பியர்ஃபிஷிங் என்றால் என்ன?

தூண்டில் இல்லை, வலை இல்லை. நீருக்குள் மூழ்கி, மீனைக் கண்ணால் பார்த்து, இதுதான் வேண்டும் என்று முடிவு செய்து ஈட்டியை எய்வது. பெரும்பாலானோர் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொள்வதில்லை. (சினிமாவில் 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்பார்கள். உண்மையில் பொழுதுபோக்கு டைவிங்கில் அதற்குள் இருப்பது பெரும்பாலும் அழுத்தி அடைத்த சாதாரண காற்றுதான்.) கலிபோர்னியாவில் சிலிண்டரோடு மீன் குத்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனாலும் தேர்ந்தவர்கள் அதை விரும்புவதில்லை. மூச்சு விடும்போது எழும் குமிழிகளின் சத்தத்திலேயே நல்ல மீன் ஓடிவிடும். இந்த விளையாட்டில் உலக சாதனைகளைப் பதிவு செய்யும் அமைப்பும், மூச்சடக்கிப் பிடித்த மீனை மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

சான் டியாகோவுக்கு இதில் பழைய வரலாறு உண்டு. 1933ஆம் ஆண்டு இங்கே 'பாட்டம் ஸ்கிராட்சர்ஸ்' என்ற குழு தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் முதல் டைவிங் கிளப்களில் ஒன்று அது. வெட்சூட் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், கையால் செய்த கண்ணாடிகளைப் போட்டுக்கொண்டு குளிர்ந்த கடலில் இறங்கிய ஆட்கள். 1949இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் இவர்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்ட பிறகுதான் இந்த வேட்டை பலருக்கும் தெரியவந்தது.

அவர்கள் அன்று பெருமையோடு குத்திய மீன்களில் ஒன்று, 'ஜயன்ட் சீ பாஸ்' என்ற ராட்சத மீன். 200 கிலோவைத் தாண்டியும் வளரக்கூடியது. 1982 முதல் கலிபோர்னியாவில் அதைப் பிடிக்கத் தடை. இன்று அது எதிரில் வந்தால் ஈட்டியைத் தாழ்த்திக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை இரவே தொடங்கும் வேலை

கடலில் இருக்கும் நேரத்தைவிட, அதற்குத் தயாராகும் நேரம்தான் அதிகம். வெள்ளிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும் போனில் அலை உயரம், காற்று, ஓதம் எல்லாம் பார்க்கப்படும். அலை பெரிதாக இருந்தால் அடி மணல் கிளம்பிக் கடல் கலங்கிவிடும். தண்ணீருக்குள் மூன்று மீட்டர் தூரம்கூடத் தெரியாத நாட்கள் இந்தக் கடலில் சகஜம். பத்து மீட்டர் தெரிந்தால் அது கொண்டாட்டமான நாள்.

அடுத்தது ரப்பர் பட்டைகள். சின்ன விரிசல் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். இழுத்துப் பூட்டும்போது அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும். ஈட்டி முனை கூராக இருக்கிறதா, மீன் நழுவாமல் தடுக்கும் முள் மடங்கி விரிகிறதா, மிதவையைக் கட்டும் கயிற்றில் சிக்கு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

விதிகளும் நினைவில் இருக்க வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம். இங்கே எல்லோரும் கனவு காணும் மீன் 'ஒயிட் சீ பாஸ்'. அது 28 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் தொடக்கூடாது. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை, மாநிலத்தின் தென்பகுதிக் கடலில் ஒருவர் ஒரு நாளைக்கு ஒன்றுதான் பிடிக்கலாம். லா ஹோயாவிலேயே ஒரு பகுதி, எதையும் எடுக்கக்கூடாத பாதுகாக்கப்பட்ட கடல். கோடு போட்டுக் காட்டாத எல்லை அது. தெரியாமல் உள்ளே போய்விட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று முகத்துக்கு நேராக வந்து நிற்கும் கரிபால்டி மீன் மாநிலத்தின் கடல் மீன். அதற்கும் முழுப் பாதுகாப்பு. பிடிபட மாட்டோம் என்று அதற்கே தெரியும் போல, அவ்வளவு தைரியமாகச் சுற்றும்.

சனிக்கிழமை காலை: நீருக்குள் ஒரு காடு

கரையிலிருந்து சில நூறு மீட்டர் நீந்தினால் கெல்ப் காடு வரும். கெல்ப் என்பது ராட்சதக் கடற்பாசி. அடித்தரைப் பாறையைப் பற்றிக்கொண்டு, 15, 20 மீட்டர் மேலே எழுந்து, நீர்மட்டத்தில் பாய் விரித்தது போலப் படரும். நல்ல சூழலில் ஒரே நாளில் அரை மீட்டருக்கு மேல்கூட வளரும். மேலிருந்து விழும் வெளிச்சம் அதன் இலைகளுக்கு இடையே தூண் தூணாக இறங்கும். உள்ளே போனவர்கள் மீன் கிடைக்காவிட்டாலும் திரும்பத் திரும்பப் போவதற்கு இதுவே பாதிக் காரணம்.

அழகு ஒரு பக்கம், சிக்கல் ஒரு பக்கம். இந்தக் கொடிகளில் கால் துடுப்பு மாட்டும், கயிறு சுற்றிக்கொள்ளும். அதனால்தான் எல்லோரும் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கத்தி வைத்திருக்கிறார்கள். பதறிப்போய் இழுத்தால் இன்னும் சிக்கும். நின்று நிதானமாக ஒடித்தால் கெல்ப் தண்டு படக்கென்று ஒடிந்துவிடும்.

ஒயிட் சீ பாஸ் சாதாரணமாக ஏமாறாது. உடலைக் கொண்டு முரசு அடிப்பது போலச் சத்தம் எழுப்பும் மீன் குடும்பத்தைச் சேர்ந்தது அது. நீருக்குள் அசைவற்று மிதந்தபடி, காதைக் கூர்மையாக்கிக் காத்திருந்தால் 'கர்ர்...' என்று ஒரு முனகல் கேட்கும். மீன் அருகில் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சத்தம் எழுப்பத் தெரிந்த மீனுக்குச் சத்தம் கேட்கவும் தெரியும். துடுப்பு தண்ணீரை அறைந்தால் போச்சு. துப்பாக்கி ஒரு பாறையில் தட்டினால் போச்சு. ஸ்நார்க்கல் வழியாகக் குமிழி விட்டால் போச்சு.

இங்கேதான் இந்த விளையாட்டின் மையச் சிக்கல் வருகிறது. நல்ல மீன் வேண்டுமென்றால் அமைதி வேண்டும், தனிமை வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து போனால் சத்தம் இரண்டு மடங்கு. பழக்கமானவர்கள்கூட 'நீ அந்தப் பக்கம் போ, நான் இந்தப் பக்கம் போகிறேன், ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்போம்' என்று பிரிந்துவிடுவது இதனால்தான். ஆனால் உயிரோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும். ஏன் என்று புரிய, உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல

மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் நெஞ்சு இறுகும், வயிறு துடிக்கும், 'மூச்சு விடு, மூச்சு விடு' என்று உடம்பு கத்தும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதால்தான் இப்படி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இந்தத் தவிப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. அது ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் மூளை அலாரம் அடிக்கிறது. ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை உடம்பு அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

இங்கே புதியவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. மூழ்குவதற்கு முன்பு வேகவேகமாக, ஆழமாக இருபது முப்பது முறை மூச்சு வாங்குவது. அப்படிச் செய்தால் நிறைய ஆக்சிஜன் சேரும் என்று ஒரு நம்பிக்கை. சேராது. சாதாரணமாகவே ரத்தம் கிட்டத்தட்ட முழு அளவு ஆக்சிஜனைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது. வேகமாக மூச்சு விடுவதால் வெளியே போவது கார்பன் டை ஆக்சைடு மட்டுமே. விளைவு? அலாரம் தாமதமாக அடிக்கும். உள்ளே ஆக்சிஜன் கரைந்துகொண்டே இருக்கும். ஆளுக்கோ 'இன்று உடம்பு நல்லா ஒத்துழைக்குது, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்' என்று தோன்றும்.

பெட்ரோல் முள் பழுதான வண்டியை ஓட்டுவது மாதிரி. வண்டி நிற்கும் வரை எல்லாம் நன்றாகவே இருக்கும்.

கடைசி பத்து மீட்டர்

அடுத்த சிக்கல் அழுத்தம். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் அழுத்தம் ஒரு மடங்கு கூடுகிறது. மேலே 1 என்றால், 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3. ஆறு லிட்டர் காற்று நிரம்பிய நுரையீரல், 20 மீட்டர் ஆழத்தில் இரண்டு லிட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். இப்படி நசுங்குவதால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் கூடுகிறது. அதனால் மிச்சம் கொஞ்சமே இருந்தாலும் அது ரத்தத்துக்குள் எளிதாகப் போய்ச் சேரும். ஆழத்தில் இருக்கும்வரை மூளைக்குக் குறை தெரியாது.

மேலே வரும்போதுதான் கணக்கு தலைகீழாகிறது. நுரையீரல் விரிகிறது, ஆக்சிஜன் அழுத்தம் சரிகிறது. 30 மீட்டரில் இருந்து 20க்கு வரும்போது அழுத்தம் கால் பங்குதான் குறைகிறது. 10 மீட்டரில் இருந்து நீர்மட்டத்துக்கு வரும்போது ஒரேயடியாகப் பாதியாகிறது. கீழே போதுமானதாக இருந்த ஆக்சிஜன், தலைக்கு மேல் வெளிச்சம் தெரிகிற அந்தக் கடைசி சில மீட்டர்களில் திடீரென்று போதாமல் போகிறது. எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நினைவு தப்பும். இதைத்தான் டைவர்கள் 'பிளாக்அவுட்' என்கிறார்கள்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. தலை வெளியே வந்துவிட்டால் தப்பித்துவிட்டோம் என்று அர்த்தம் அல்ல. வெளியே வந்து, முதல் மூச்சை இழுத்து, 'ஓகே' என்று கை காட்டிய பிறகும் மயங்கி விழுவது உண்டு. இழுத்த காற்று நுரையீரலில் இருந்து ரத்தத்தில் ஏறி மூளையை அடையச் சில விநாடிகள் ஆகும். அந்தச் சில விநாடிகள்தான் ஆபத்தானவை. அதனால் மேலே வந்ததும் மூச்சை முழுக்க வெளியே ஊதிவிடாமல், சின்னதாக விட்டு, சட்டென்று ஆழமாக இழுத்து, ஒரு விநாடி பிடித்து, மறுபடி இழுக்கப் பயிற்சி தருகிறார்கள்.

மீன் வேட்டையில் இந்த ஆபத்து கூடுதல். வெறுமனே மூச்சடக்கி மூழ்குபவரின் கவனம் முழுக்கத் தன் உடம்பின் மேல் இருக்கும். வேட்டைக்காரரின் கவனம் மீன் மேல். வெகுநேரம் காத்திருந்து, மேலே போகலாம் என்று நினைக்கும் விநாடியில் ஒயிட் சீ பாஸ் நிழலாகத் தெரிகிறது. இன்னும் ஐந்து விநாடி. குத்தியாயிற்று. இப்போது மீன் கெல்ப் கொடிகளைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. கயிற்றை இழுத்து மல்லுக்கு நின்றால் ஆக்சிஜன் இன்னும் வேகமாகத் தீரும். துப்பாக்கியை விட்டுவிட்டு மேலே வர வேண்டும் என்பதுதான் பாடம். கையில் கனவு மீன் இருக்கும்போது எத்தனை பேருக்கு அந்தப் பாடம் நினைவுக்கு வரும்?

ஒருவர் மேலே, ஒருவர் கீழே

இதற்கு இருக்கும் மருந்து விலை மலிவானது: பக்கத்தில் இன்னொரு ஆள். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் நீர்மட்டத்தில் மிதந்தபடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கீழே போகக்கூடாது. மேலே வந்தவரை உடனே விட்டுவிட்டுத் திரும்பிவிடாமல், அரை நிமிடமாவது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் கீழே இருந்தாரோ, குறைந்தது அதைப்போல இரண்டு மடங்கு நேரம் மேலே ஓய்வெடுத்த பிறகே அடுத்த முழுக்கு.

நினைவு தப்பினால் செய்ய வேண்டியதும் எளிதுதான். முகத்தைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்து, மாஸ்க்கைக் கழற்றி, கண்களைச் சுற்றி ஊதி, கன்னத்தில் தட்டி, பெயரைச் சொல்லி 'மூச்சு விடு' என்று சொல்ல வேண்டும். மயங்கியவுடன் தொண்டை தானாகவே அடைத்துக்கொள்வதால், முதலில் பெரும்பாலும் தண்ணீர் உள்ளே போகாது. அதற்குள் முகம் வெளியே வந்துவிட்டால் பலர் சில விநாடிகளில் கண் விழித்துவிடுவார்கள். விழிக்காவிட்டால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். எப்படியானாலும் அன்றைய டைவிங் அத்தோடு முடிந்தது; மருத்துவரையும் பார்த்தாக வேண்டும்.

அதே ஆள் தனியாக இருந்திருந்தால்? இந்த 'சில விநாடி' விஷயமே மரணமாகிவிடும்.

இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளின் எடையும் இங்கே முக்கியம். வேகமாக மூழ்க வசதியாக இருக்கும் என்று கூடுதலாகக் கட்டிக்கொண்டால், மயங்கியதும் உடம்பு கல் மாதிரி கீழே போகும். மூச்சை வெளியே விட்ட நிலையிலும் நீர்மட்டத்தில் மிதக்கும்படி எடையைக் கட்டினால், துணைக்கு வந்தவருக்குத் தேட வேண்டிய வேலை இருக்காது.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்திலும் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்குபவரின் கயிற்றைப் படகில் இருந்து ஒருவர் பிடித்திருப்பார். மனைவியின் சகோதரனைத்தான் அந்த வேலைக்கு நிறுத்துவார்கள், தங்கை தாலி அவன் கையில் என்பதால் கண் அசரமாட்டான் என்று தென் கடலோரத்தில் ஒரு பேச்சு உண்டு. நீச்சல் குளம், பயிற்சி வகுப்பு, சான்றிதழ் என்று இன்று என்னென்னவோ வந்துவிட்டாலும் கணக்கு அதேதான்.

திறமை இருந்தால் துணை தேவையில்லை என்றும் நினைத்துவிட முடியாது. மூச்சடக்கி மூழ்குவதில் 41 உலக சாதனைகள் படைத்த ரஷ்ய வீராங்கனை நதாலியா மொல்சானோவா, 2015 ஆகஸ்ட்டில் ஸ்பெயினின் ஃபோர்மென்டெரா தீவு அருகே சாதாரணமான ஒரு முழுக்குக்குப் போனவர் திரும்பவே இல்லை. அது போட்டி அல்ல. போட்டிகளில் இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் அங்கே இல்லை.

கலிபோர்னியாவைச் சேர்ந்த பிரபல ஸ்பியர்ஃபிஷிங் வீரர் டெரி மாஸ், குறிப்பிட்ட நேரத்தையோ ஆழத்தையோ தாண்டினால் தானாகவே காற்று நிரம்பி ஆளை மேலே கொண்டுவரும் ஒரு மேலாடையை உருவாக்கினார். நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் மேலே வந்தவரின் மாஸ்க்கைக் கழற்றிப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு மேலாடையால் முடியாது.

மதியத்துக்கு மேல் சமையலறை

பிடித்த மீனைத் தண்ணீரிலேயே மூளையில் குத்தி உடனே கொன்றுவிடுவது வழக்கம். மீன் துடிப்பது நிற்கும், இறைச்சியும் கெடாது. பிறகு செவுளை அறுத்து ரத்தத்தை வடித்து, ஐஸ் கலந்த தண்ணீரில் போடுவார்கள்.

இங்கே ஒயிட் சீ பாஸ் மீனின் தலைக்கும் ஒரு கதை உண்டு. இந்த இனம் குறைந்துபோனதால், 1983இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ் பண்ணையில் குஞ்சுகளை வளர்த்துக் கடலில் விட்டார்கள். கன்னத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உலோகக் கம்பி அடையாளமாகப் பதிக்கப்பட்டது. பிடித்தவர்கள் தலையைக் கொண்டுவந்து கொடுத்தால், அது பண்ணை மீனா, கடலிலேயே பிறந்ததா என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தலையைத் தானம் கொடுத்துவிட்டு உடம்பை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போனவர்கள் ஏராளம். மீன் தலைக் குழம்பின் அருமை தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமான ஏற்பாடுதான்.

மீதியை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து செவிச்சே, கழுத்துத் துண்டை நெருப்பில் சுட்டு ஒரு பங்கு, பக்கத்து வீட்டுக்கு ஒரு பங்கு.

ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?

உப்பு ஏறிய உபகரணங்களை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பதிலேயே பாதி நாள் போய்விடும். கிழிந்த வெட்சூட்டுக்குப் பசை ஒட்டுவது, ரப்பர் பட்டைகளை வெட்டிப் புதிதாக முடிச்சுப் போடுவது எல்லாம் இதில் சேர்த்தி. தேக்கு மரத்தில் தாங்களே ஸ்பியர்கன் செதுக்குபவர்களும் இருக்கிறார்கள். தேக்கு தண்ணீரில் எளிதில் கெடாது, வளையாது.

குளிர்காலம் என்றால் வேட்டை இரவுக்கு மாறும். அக்டோபர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை சிங்கி இறால் சீசன். டார்ச் அடித்துப் பாறை இடுக்கில் இருக்கும் இறாலைக் கையால் மட்டுமே பிடிக்க வேண்டும். ஈட்டியோ கொக்கியோ கூடாது. ஓட்டின் நீளம் மூன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏழு. அபலோன் என்ற கடல் நத்தையும் ஒரு காலத்தில் இங்கே வார இறுதி விருந்தாக இருந்தது. அளவுக்கு மீறி எடுத்ததும் நோய் தாக்கியதும் சேர்ந்து, 1997இல் தென் கலிபோர்னியாவில் அதை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மீனைக் குறிபார்த்து எடுப்பதால் வலையைவிட இதில் சேதம் குறைவு என்று ஆர்வலர்கள் வாதிடுவதில் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லோரும் குறிபார்ப்பது பெரிய மீனைத்தான். இங்கே உள்ள ஷீப்ஹெட் என்ற மீன் பெண்ணாகப் பிறந்து, வளர்ந்த பிறகு ஆணாக மாறுவது. பெரிதாக, கறுப்புத் தலையும் சிவப்பு இடுப்புமாகத் தெரிவது ஆண். அதையே தேடித் தேடிக் குத்தினால் கூட்டத்தில் மிஞ்சுவது சின்ன மீன்கள். கெல்ப்பை மேயும் கடல் முள்ளெலிகளைத் தின்று அந்தக் காட்டைக் காப்பாற்றும் மீன்களில் ஷீப்ஹெட்டும் ஒன்று. அதனால் அனுபவசாலிகள் சிலர் பெரிய ஆணைப் பார்த்தால் கேமராவை மட்டும் எடுக்கிறார்கள்.

ஞாயிறு மாலை சிலர் நீச்சல் குளத்துக்குப் போய் மூச்சடக்கும் பயிற்சி செய்வார்கள். இடுப்பளவு தண்ணீர், சுறா இல்லை, அலை இல்லை, கெல்ப் இல்லை. அங்கேயும் பிளாக்அவுட்டில் இறந்தவர்கள் உண்டு. அதனால் குளத்திலும் ஒருவர் மூச்சை அடக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று அவரது தோளில் கை வைத்திருக்கிறார்.